என் ஒரே சிக்ஸரும் அதுக்கு நடந்த விசாரணையும்

போன மாசம் நம்ம கிரவுண்டுல பள்ளத்துப் பக்கமா இரும்புக் கம்பம் நட்டு வலை கட்டுனாங்க. இனிமே பந்து கீழ காப்பித் தோட்டத்துக்குள்ள போவாதாம். வலையில பட்டா சிக்ஸு, ஆறு ரன்னு. அதுக்கு ஒரு விழா. கிளப்புப் பசங்க எங்க ஊரு வெள்ளக்கடைக்கு மோட்டார் சைக்கிள்ல வந்து, "மாமா, நீங்க பட்டாளத்துல ஆடுனவரு, நீங்கதான் ரிப்பன் வெட்டணும்"னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. வெட்டுனேன். காப்பியும் பஜ்ஜியும் குடுத்தாங்க. பஜ்ஜி தின்னுக்கிட்டே ஒருத்தன் கேட்டான், "ஏனுங்க மாமா, பட்டாளத்துல மொத்தம் எத்தன சிக்ஸு அடிச்சிருப்பீங்க?"

"ஒண்ணு"ன்னேன்.

சிரிச்சானுங்க பாருங்க, ஒருத்தனுக்குப் பொறையே ஏறிப்போச்சு. "அத்தன வருசத்துல ஒண்ணே ஒண்ணுங்களா மாமா?"

"சிரிங்கடா கண்ணு, நல்லாச் சிரிங்க. அந்த ஒண்ணுக்கே என்னை அட்டென்சன்ல நிக்க வெச்சு விசாரிச்சாங்க. என் கல்யாணமே அதுல தொங்குச்சு"ன்னேன். அப்பறந்தான் சிரிப்பு அடங்குச்சு. எழுதிக் குடுங்க, எழுதிக் குடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. எனக்குப் பேசத்தான் வரும். பேசற மாதிரியே எழுதறேன், வாத்தியாருங்க யாரும் கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல எங்க கிரவுண்டப் பத்திச் சொல்லோணும். மலையில சமதரைக்கு எங்க போறது? செம்மநத்தம் போற வழியில மேட்டுல சாமை அடிக்கற களம் ஒண்ணு கெடந்துச்சு. அதையே வெட்டி நெரவிக் கிரவுண்டாக்கிக்கிட்டோம். மூணு பக்கம் புதரு, அதுக்குள்ள போனா நாலு ரன்னு. இன்னொரு பக்கம் பள்ளம். பள்ளத்துல பெரியண்ணன்னு ஒருத்தரோட காப்பித் தோட்டமும் ஊடும். ஒரு நா அவரு குனிஞ்சு பழம் பறிச்சுக்கிட்டிருக்கறப்ப, மேல எவனோ அடிச்ச கார்க் பந்து உச்சி மண்டையில நச்சுன்னு வுழுந்துச்சு. மனுசன் பழக் கூடைய அப்படியே போட்டாரு. ஏறி வந்தாரு. பிட்ச்சு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாரு. எந்திரிங்கன்னா எந்திரிக்க மாட்டேங்கறாரு. மண்டை ஒரு பக்கம் கொய்யாக்காயாட்டம் வீங்கிக்கிட்டே வருது. கடைசியில ஊர்ப் பெரியவங்க வந்து பேசி, அவரு கேட்டதையே சட்டமாக்குனாங்க. பந்த பள்ளத்துக்கு அடிச்சவன் அவுட்டு. அடிச்சவனே எறங்கிப் போயித் தேடி எடுத்தாரணும். அது வரைக்கும் ஆட்டம் நிக்கும்.

நான் மட்டை புடிக்கக் கத்துக்கிட்டதே இந்தச் சட்டத்துக்குள்ளதான். பந்த தரையிலயே உருட்டுவேன். ஆகாசத்தப் பாத்து அடிக்கறவன எங்க ஊருல கூறு கெட்டவன்னு சொல்லுவாங்க. என்னிக்காவது ஒருத்தன் தப்பித் தவறி பள்ளத்துக்கு அடிச்சுட்டான்னா, யாரும் ஒண்ணும் சொல்லவே வேண்டாம். மட்டைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, அவனே எறங்கிப் போயிருவான்.

பட்டாளத்துல சேந்த கதைய இழுக்க மாட்டேன். சேலத்துல ஆளெடுக்கறாங்கன்னாங்க. போனேன், ஓடுனேன், எடுத்துக்கிட்டாங்க. ட்ரெயினிங்ல அழுதேன். எல்லாரும்தான் அழுதானுங்க. அப்பறம் வடக்க ஒரு கன்டோன்மென்டுல போட்டாங்க. அங்கதான் எங்க கமாண்டிங் ஆபீசரு, கர்னல் சார், என்னைப் புடிச்சாரு.

அவரப் பத்திச் சித்த நிதானமாச் சொல்லோணும். வடக்கத்திக்காரரு. தமிழ்ச் சிப்பாயிங்களுக்கு ஆபீசருன்னா தமிழ்ப் பரீட்ச பாஸ் பண்ணணும். இவரு பாஸ் மட்டும் பண்ணல, முழுங்கிட்டாரு. எந்த முன்ஷி வாத்தியாருகிட்டப் படிச்சாரோ தெரியல, வாயத் தொறந்தா சுத்தமான செந்தமிழு. "சேர்வராயன், உன் காலணியின் கயிறு அவிழ்ந்துள்ளது"ம்பாரு என்கிட்ட. சேர்வராயன்ங்கறது என் பேரு. நாங்க யாரும் அப்படிப் பேசறதில்லைங்கறது அவருக்கு நொம்ப வருத்தம். எதையும் நேர்ல பாத்தாத்தான் நம்புவாரு. சென்ட்ரி கூண்டு ஒழுகுதுன்னு சொன்னா, மழையில போயி அதுக்குள்ள தானே நின்னு நனைஞ்சு பாத்துட்டு, "ஆம், ஒழுகுகிறது"ம்பாரு.

கிரிக்கெட்டுன்னா அவருக்கு உசுரு. ஆனா போர் மாதிரிதான் ஆடுவாரு. ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தி மண்ணுலயே கிரவுண்டு மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுவாரு. அதுல சுண்ணாம்புக் கோடு, குச்சி ஸ்டம்பு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கூழாங்கல்லு. நாங்க சுத்தி நிப்போம். அவரு நீளமான கோலால தொட்டுத் தொட்டு, "எதிரி இவ்விடம் நுழைவான். நாம் இவ்விடம் பதுங்குவோம்"ம்பாரு. என் கல்லு ஒண்ணு மட்டும் எப்பவும் அசையவே அசையாது. ஏன்னா நான் மொதல்ல எறங்கி, கடைசி வரைக்கும் தரையிலயே தட்டிக்கிட்டு நிப்பேன். "இவன் பந்தை வானுக்கே அனுப்புவதில்லை. எனவே எதிரி இவனைப் பிடிக்கவே இயலாது"ன்னு பிரிகேடியர்கிட்ட என்னைக் காட்டிப் பெருமைப்பட்டுக்குவாரு.

இன்னொண்ணு. அவுட் ஆனவன் நேரா அவரு முன்னால போயி விறைப்பா நிக்கணும். மூணு கேள்வி கேப்பாரு. பந்து எவ்வாறு வந்தது? நீ என்ன எண்ணினாய்? உண்மையில் நிகழ்ந்தது யாது? ஒருத்தன், "ஒண்ணும் எண்ணலீங்க சார்"னு சொல்லிப்போட்டு, எண்ணாததுக்காக கிரவுண்டச் சுத்தி ஓடுனான்.

இப்ப என் கல்யாணக் கதைக்கு வர்றேன். எனக்குப் பாத்த பொண்ணு அந்தப் பெரியண்ணன் மவளேதான். பேரு காவேரி. எங்க மலை உச்சியில சேர்வராயன் சாமியும் காவேரியம்மனும் ஒரே குகையில இருக்கறாங்க. எங்க ரெண்டு பேரு பேரையும் கேட்ட ஒடனே, இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கறதுன்னு பெரியவங்க முடிவு பண்ணிப்போட்டாங்க. ஆனா முகூர்த்தம் வெச்சப்ப எல்லாம் பட்டாளத்துல டோர்னமென்டு. "நீ அசையாக் கல். உனக்கு விடுப்பு இல்லை"ன்னுட்டாரு கர்னலு. ரெண்டு தடவ தள்ளிப் போச்சு. மூணாவது தடவ மாப்ள வரலீன்னா பொண்ண வேற எடத்துல குடுத்துருவோம்னு மாமனாரு ஆள் மூலமாச் சொல்லியுட்டாரு. வெளையாட்டுக்குச் சொல்ற மனுசன் இல்ல, பிட்ச்சுல உக்காந்தவராச்சே!

அந்த மூணாவது முகூர்த்தமும் வந்து நின்னுச்சு பாருங்க, அட கெரகமே, டோர்னமென்டு பைனல் அன்னிக்கே. செமிபைனலு அதுக்கு ஒரு வாரம் முந்தி. செமிபைனல்ல தோத்தா மறுநா காலையில எனக்கு லீவு. ஜெயிச்சா பைனலு, லீவு கேன்சல். பேரக்ஸ்ல எல்லாருக்கும் இது தெரியும். "ராயா, ஒரே ஒரு மோசமான ஷாட்டு. அப்பறம் மேளந்தான்"னு ஒருத்தன் கண்ணடிச்சான். அவன் சட்டையப் புடிச்சுட்டேன். காவேரி வேணுங்கறது வேற, மட்டைய புடிச்சுக்கிட்டு துரோகம் பண்றது வேற. எனக்கு ரெண்டும் வேணும், ரெண்டும் கெடைக்காதுன்னு தெரியும்.

செமிபைனல்ல எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனாப் போயி மூணு கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டிருந்தானுங்க. நான் மட்டும் தட்டிக்கிட்டே நின்னேன். கடைசி ஜோடி. ரெண்டே பந்து பாக்கி, எட்டு ரன்னு வேணும். எனக்கு மனசு லேசாயிருச்சு. தரையில நாலு அடிப்பேன், அப்பறம் இன்னொரு நாலு போவலாம், போவாமயும் இருக்கலாம். நேர்மையாத் தோத்தா நேர்மையா ரயிலேறலாம். அப்பப் பாத்து பன்னெண்டாவது ஆளு தண்ணியோட ஓடியாந்தான். சொம்ப என் கையில குடுத்துட்டு, சல்யூட் அடிச்சு, மனப்பாடமா ஒப்பிச்சான்: "உயர்த்தி அடி. எல்லைக்கு அப்பால். இது கட்டளை."

கட்டளைன்னா கட்டளைதான். பந்து வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு மேல வீசுனேன். மட்டையில பட்டதே தெரியல, அப்படி ஒரு அடி. பந்து கயித்துக்கு மேல, டென்டுக்கு மேல, அக்கட்டால இருந்த கடுகுக் காட்டுக்குள்ள போயி வுழுந்துச்சு. ஒரு நிமிசம் ஆனந்தமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லோணும். அடுத்த நிமிசம் பெரியண்ணன் மண்டை ஞாபகம் வந்துருச்சு. அய்யய்யோ, யாரு மண்டையிலயோ!

அப்பறம் நடந்ததுக்கு என் காலுதான் பொறுப்பு. மட்டைய அக்குள்ல இடுக்குனேன். தலையத் தொங்கப் போட்டேன். நடந்தேன். சுத்திலும் ஒரே கத்து. என்னைத்தான் வையறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கயித்தத் தாண்டி, டென்டத் தாண்டி, காலு பேடோட கடுகுக் காட்டுக்குள்ள எறங்கிட்டேன். கடுகு என் தோள் ஒசரம், மஞ்சளாப் பூத்துக் கெடந்துச்சு. குனிஞ்சு பாத்திப் பாத்தியாத் தேடுனேன். நல்ல வேளை, யாரு மண்டையும் இல்ல. பந்து ஒரு வாய்க்கா ஓரமாக் கெடந்துச்சு. எடுத்துத் தொடைச்சுக்கிட்டு ஓடியாந்தேன். "கெடச்சுருச்சு சார்! கெடச்சுருச்சு!"

வந்து பாத்தா ஸ்டம்பப் புடுங்கிக்கிட்டிருக்கறாங்க. எதிர் டீமு குதியாட்டம் போடுது. எங்க ஆளுங்க கல்லாட்டம் நிக்கறானுங்க. நடந்தது என்னன்னா, ஆறு ரன்னு வந்துருச்சு, இன்னும் ஒரு பந்து, ரெண்டு ரன்னு வேணும். ஆட வேண்டிய ஆளக் காணோம். அம்பயரு நல்ல மனுசன், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாராம். கடுகுப் பூதான் ஆடுச்சாம், பதில் வரலயாம். கடைசியில வெரலத் தூக்கிட்டாரு. ஒரே ஒரு ரன்னுல தோத்தோம்.

மெஸ்ஸுல என் பக்கத்துல ஒருத்தனும் உக்காரல. கல்யாணத்துக்காக வித்துட்டான்னு முதுகுக்குப் பின்னால பேசுனானுங்க. மறுநா லீவு இல்ல, விசாரணை. பச்சைக் கம்பளி விரிச்ச மேசை, நடுவுல கர்னலு, ரெண்டு பக்கமும் ஆபீசருங்க.

"பந்து எவ்வாறு வந்தது?"

"நல்லா வந்துச்சுங்க சார்."

"நீ என்ன எண்ணினாய்?"

"அவுட்டுன்னு எண்ணுனேன் சார்."

"ஆறு ஓட்டங்கள் அடித்துவிட்டா?"

"எங்க ஊருல சிக்ஸு அடிச்சா அவுட்டுங்க சார். அடிச்சவன்தான் போயி எடுத்தாரணும்."

இளவயசு கேப்டன் ஒருத்தரு கர்ச்சீப்ப எடுத்து வாயப் பொத்திக்கிட்டாரு. கர்னலு சிரிக்கல. "அப்படியோர் ஊர் பூமியில் இருக்க இயலாது"ன்னாரு.

"இருக்குதுங்க சார். சேலத்துல எறங்கி, அடிவாரத்துல இருந்து மலையேறுனா..."

"நீ தோற்க விரும்பினாயா, சேர்வராயன்?"

அந்தக் கேள்விதான் நெஞ்சுல குத்துச்சு. "தோத்தா கல்யாணம்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுக்கிட்டுத்தான் அடிச்சேன். ஜெயிக்கறதுக்குத்தான் அடிச்சேன்"னேன்.

கர்னலு எந்திரிச்சுத் தொப்பிய மாட்டுனாரு. அப்பறம் தீர்ப்பு: "நேரில் காண்பேன். பெங்களூரில் என் மைத்துனர் இல்லம் உள்ளது, வழியில் வருகிறேன். விதி உண்மையாயின் உனக்கு மணம். பொய்யாயின், பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு திரும்புவாய். காவலில்."

ரயில்ல அவரு பர்ஸ்ட் கிளாஸு, நான் பின்னால. ஒவ்வொரு ஸ்டேசன்லயும் எறங்கி என் ஜன்னல்கிட்ட வந்து, நான் யாருகிட்டயாவது பேசறனான்னு பாத்துட்டுப் போவாரு. சாட்சியக் கலைக்கக் கூடாதாம். அடிவாரத்துல ஜீப் டிரைவரு டீக்கு நிறுத்துனாரு. "வேண்டாம். தேநீர்க்கடைக்காரரும் சாட்சியாக இருக்கக்கூடும்"னு கெளப்பச் சொல்லிட்டாரு. கல்யாணத்துக்கு மொத நா மத்தியானம் நேரா கிரவுண்டுலதான் எறங்குனோம். எனக்குத் தைரியமாத்தான் இருந்துச்சு. சட்டம் போட்டவரே மாமனாரு. மண்டையில தழும்பு கூட இருக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி?

எங்க ஊரு மரியாதைய நான் மறந்து போயிட்டேன்.

பட்டாளத்துப் பெரிய ஆபீசரு வர்றாருன்னு மட்டும் தகவல் போயிருந்துச்சு. ஸ்டம்புக்கெல்லாம் மாவிலைத் தோரணம்! கர்னலுக்கு மாலை, எனக்கு ஒண்ணுமில்ல. என் பெட்டிய ஜீப்புல இருந்து நாலு பேரு எறக்கி வெச்சாங்க. மாமனாரே அம்பயரு, புது வேட்டி கட்டிக்கிட்டு நின்னாரு. "வாங்க சார், உங்க கையால ரெண்டு பந்து ஆடோணும்"னு கர்னல் கையில மட்டையக் குடுத்தாங்க. எனக்கு வாய் தொறக்க அனுமதி இல்ல, எல்லைக் கோட்டுல அட்டென்சன்ல நின்னேன்.

பந்து போட்டது எங்க பங்காளி மணியன். போடறதுக்கு முந்தி, "போடலாமுங்களா சார்?"னு கேட்டான். மொதப் பந்துலயே கர்னலு போல்டு, நடு ஸ்டம்பு தோரணத்தோட சாஞ்சுருச்சு. மாமனாரு ஓடிப்போயி அதை நட்டு வெச்சுட்டு, "காத்துங்க சார். மலைக்காத்து அப்படித்தானுங்க"ன்னாரு. எல்லாரும் ஆமாமுங்கன்னாங்க. ஒரு எல கூட ஆடல. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. இவங்க இன்னிக்கு உண்மையச் சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது பந்து. கர்னலு ஒரு தூக்குத் தூக்குனாரு. பந்து ஓங்கிப் போயி, திரும்பி, பள்ளத்துக்குள்ள மறைஞ்சுருச்சு. நான் மாமனாரப் பாத்தேன். அவரு ரெண்டு கையையும் தூக்குனாரு. "சிக்ஸு!" ஊரே கை தட்டுச்சு.

"அவுட் இல்லையா?"ன்னாரு கர்னலு.

"என்னங்க சார் நீங்க! நீங்க போயி அவுட் ஆவீங்களா?"

"பந்து பள்ளத்தில் விழுந்தால் அவுட் என்றொரு விதி இங்கு உண்டாமே?"

மாமனாரு நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. விருந்தாளிய அவுட்டுன்னு சொல்றதா? "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க"ன்னாரு. கர்னலு மட்டையோட நடந்து ஒவ்வொருத்தனா விசாரிச்சாரு. மணியன் சிக்ஸுன்னான். கீப்பரு சிக்ஸுன்னான். அந்தச் சட்டத்தால வாரா வாரம் பள்ளத்துல எறங்குனவன் எல்லாம் வாய் கூசாம சிக்ஸுங்க சார், சிக்ஸுங்க சார்ங்கறான். என்னைப் பாத்துச் சிரிக்க வேற சிரிக்கறான், மாப்ளைக்கு நல்லது பண்றோம்னு நெனப்பு!

கர்னலு என் முன்னால வந்து நின்னாரு. கோவம் கூட இல்ல, மொகத்துல ஒரு வருத்தம். "நீ பொய்யன் என்று நான் நினைக்கவில்லை, சேர்வராயன். பெட்டியைத் தூக்கு."

தூக்குனேன். தலையில வெச்சுக்கிட்டேன். மேளக்காரங்க கீழ மாமனாரு ஊட்டுப் பந்தல்ல ஒத்திகை பாத்துக்கிட்டிருந்த சத்தம் கேட்டுச்சு. செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு.

அப்பத்தான் பள்ளத்துல இருந்து ஒரு கொரலு ஏறி வந்துச்சு. "எவண்டா அது பந்த கீழ அடிச்சவன்? கண்ணு இல்ல? நாளைக்கு இட்டிலிக்கு ஊறப்போட்ட அரிசி அண்டாவுக்குள்ள பொத்துன்னு வந்து வுழுது!" மொகத்துல மஞ்சளு, கையில மாலை கட்டற நாரு, மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னுச்சு காவேரி.

"அம்மிணி, சும்மா இரு. பட்டாளத்துப் பெரிய ஆபீசரு"ன்னு மாமனாரு பதறுனாரு.

கர்னலு ஒரு அடி முன்னால வெச்சாரு. "நான்தான் அடித்தேன், அம்மா. அது ஆறு ஓட்டமா, அவுட்டா?"

காவேரி அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. அவங்கப்பனப் பாத்துச்சு. பெட்டியச் சொமந்துக்கிட்டு நிக்கற என்னையும் பாத்துச்சு. இது ஒண்ணும் வெளங்கலங்கற மாதிரி மொகத்தச் சுளிச்சுக்கிச்சு. "அவுட்டுங்க."

"விருந்தினன் அடித்தாலுமா?"

"விருந்தாளின்னா சோறு போடறோம்ங்க சார். அவுட்டு அவுட்டுதானுங்க. எறங்கிப் போயி நீங்கதான் பந்த எடுத்துக்கோணும். இந்தச் சட்டத்தப் போட்டதே எங்கப்பாதான், மண்டையத் தடவிப் பாருங்க."

மாமனாரு மெதுவா மண்டையக் குனிஞ்சு காட்டுனாரு. கர்னலு நெசமாவே தொட்டுப் பாத்தாரு. அப்பறம் மட்டைய அக்குள்ல இடுக்குனாரு, தலையத் தாழ்த்துனாரு, பள்ளத்துல எறங்குனாரு. காப்பிச் செடியப் புடிச்சுப் புடிச்சு, பளபளன்னு இருந்த பூட்ஸு சறுக்கச் சறுக்க எறங்குனாரு. ஊரே பின்னால எறங்குச்சு. எனக்கு வேற உத்தரவு வரல, நானும் பெட்டியோட எறங்குனேன்.

பந்தல்ல மேளம் நின்னுபோச்சு. கர்னலு சட்டைக் கையச் சுருட்டி, அண்டாவுக்குள்ள தோள் வரைக்கும் கைய வுட்டுத் துழாவுனாரு. ஒரு பக்கம் இல்ல, இன்னொரு பக்கம். கடைசியில பந்த வெளிய எடுத்தாரு. கையெல்லாம் அரிசி. விறைப்பா நின்னு என்னைப் பாத்து, "விதி உண்மை. நாளை மணம். படைக்கும் இதை நானே அறிவிப்பேன்"ன்னாரு.

"கையில ஒட்டுன அரிசிய அண்டாவுலயே ஒதறுங்க சார்"னுச்சு காவேரி. "பத்தாமப் போயிரும்."

ஒரு பட்டாளத்தையே நடுங்க வெச்ச மனுசன், ஒவ்வொரு அரிசியாத் தட்டித் தட்டி அண்டாவுக்குள்ள போட்டாரு. அவரு போட்டு முடிச்சதுக்கு அப்பறந்தான் நான் தலையில இருந்த பெட்டிய எறக்கி வெச்சேன்.